சந்திரகிரியில் பத்ரபாகுவின் திருவடி

கர்நாடகத்தின் சமணத் தலமான சிரவணபெளகொளாவுக்கு வருகிறவர்கள் பலரும் விந்தியகிரி ஏறி, 57 அடி கோமடேசுவரர் (பாகுபலி) சிலையைக் கும்பிட்டுவிட்டு பஸ் பிடித்துவிடுகிறார்கள். எதிரே இருக்கும் சின்ன மலை சந்திரகிரியில்தான் சமண குரு பத்ரபாகுவின் திருவடி இருக்கிறது. முதலில் ஏற வேண்டியதும் அதுதான்.

காலையில் திறந்ததுமே போய்விடுங்கள். செருப்பை அடிவாரத்திலேயே விட வேண்டும். நிழல் இல்லாத பாறை, பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. பருத்திக் காலுறை உதவும். நைலான் என்றால் வழவழத்த பாறையில் வழுக்கும்.

மதிலுக்குள் இருக்கும் பசதிகளை, அதாவது சமணக் கோயில்களைப் பார்த்ததோடு திரும்பிவிடுவதுதான் வழக்கமான தவறு. பத்ரபாகு குகை மதிலுக்கு வெளியே, தனியாக இருக்கிறது. கேட்டுக்கொண்டு போங்கள். குனிந்து நுழைந்தால் கல்லில் செதுக்கிய இரண்டு பாதங்கள், அவ்வளவுதான். மகத நாட்டில் 12 ஆண்டுப் பஞ்சம் வரும் என்றறிந்து சீடர்களோடு தெற்கே வந்த பத்ரபாகு இங்கே உயிர் நீத்தார், கடைசிவரை பணிவிடை செய்தவர் சந்திரகுப்த மௌரியர் என்பது சமண மரபு. விசாகாசாரியர் தலைமையில் மற்றவர்கள் தமிழகம் நோக்கி நடந்தார்களாம்.

பாறைத் தரையில் பழங்கன்னட எழுத்துகள் தெரியும். சல்லேகனை, அதாவது உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட துறவிகளின் நினைவு அவை. பழையவை பெரிய மலைச் சிலைக்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் மூத்தவை. காலைச் சாய்வெயிலில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், படிக்கலாம். உச்சிவெயிலில் வெறும் பாறைதான். செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றில் 57 நாள் நோற்ற சந்திரநந்தி ஆசிரிகர் என்ற சமணத் துறவியின் நிசீதிகையை (நினைவிடத்தை)ப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி.

அப்புறம் விந்தியகிரி: சுமார் 650 படி, பாறையிலேயே வெட்டியவை. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பிடிக்கும். கைப்பிடிக் கம்பியை விடாதீர்கள். முடியாதவர்களுக்கு டோலி உண்டு. மேலே, சிலையின் பாதத்தருகே கன்னட வரியோடு ஒரு தமிழ் வரியும் இருக்கிறது: 'ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்'. சிலையைச் செய்வித்த கங்க நாட்டு அமைச்சர் அவர். கிரந்தம், வட்டெழுத்து என்ற பழைய எழுத்துகள் கலந்திருப்பதால் நம்மவர்களே கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

இரவு தங்குவதானால் சமண உணவுக்கூடத்தில் பொழுது சாயும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு அங்கே அடுப்பு எரியாது.