மகனுக்குப் 'பண்ணன்' என்று பெயர் வைத்த அனுபவம்

எங்கள் மகனுக்குப் 'பண்ணன்' என்று பெயர் வைத்திருக்கிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் "கண்ணனா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்; பிறகு, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, பதிவு செய்வதில் சிக்கல் வரவில்லையா என்று விசாரிக்கிறார்கள். வழக்கொழிந்த பழந்தமிழ்ப் பெயரை ஆண் குழந்தைக்குச் சூட்ட விரும்பும் பெற்றோருக்கு உதவும் என்பதால், நாங்கள் தேடிய விதத்தையும் பதிவு செய்த விதத்தையும் எழுதுகிறேன்.

முதலில் பெயர்ப் பட்டியல்களைத்தான் பார்த்தோம். அவற்றில் பெயருக்கு நேரே 'வெற்றியாளன்', 'ஒளி மிக்கவன்' என்று ஏதேனும் ஒரு பொருள் இருந்ததே தவிர, அந்தப் பெயரை யார் தாங்கியிருந்தார், எந்தப் பாட்டிலோ கல்வெட்டிலோ அது வருகிறது என்ற குறிப்பு இல்லை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, 1894இல் புறநானூற்றை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையரின் பதிப்பில், பாடப்பட்டோர் வரலாற்றைச் சொல்லும் பகுதியை நானும் கணவரும் இரவுகளில் சேர்ந்து படித்தோம்.

கணவருக்குக் 'குமணன்' பிடித்திருந்தது. நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்தபோது, பரிசில் கேட்டு வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம், தன் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பொருள் பெறட்டும் என்று வாளை நீட்டியவன் அவன். எனக்கு 'ஆதன்' பிடித்திருந்தது. புகலூர்க் கல்வெட்டில் சேர அரசனின் பெயரில் வரும் அதே ஆதன், கீழடியிலும் எங்கள் ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலிலும் பானை ஓடுகளில் கீறப்பட்டிருக்கிறது. அரசரும் எளியவரும் ஒருபோல வைத்துக்கொண்ட பெயர் என்பதே அதன் சிறப்பு. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டிலும் இருக்கிறது என்றாலும், 'அஞ்சி' என்றால் இன்றைய காதுக்கு அச்சமே தோன்றும் என்பதால் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்த நிலையில் மாமியார், பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்றார். உத்திரத்துக்கு டே, டோ, ப, பி என்பவை எழுத்துகள். பழந்தமிழ்ப் பெயர் டகரத்தில் தொடங்காது. எஞ்சியவை பகர வரிசைப் பெயர்களே. அவருடைய விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பாரி இப்போது பலருக்கும் இருக்கிறது. குதிரைமலைத் தலைவன் பிட்டனின் பெயரைப் பள்ளியில் பிள்ளைகள் 'புட்டு' ஆக்கிவிடுவார்கள். அப்படித்தான் பண்ணனிடம் வந்து சேர்ந்தோம்.

பண்ணன் முடியுடை வேந்தன் அல்லன். சிறுகுடி என்னும் ஊரின் தலைவன். அவனைப் பாடியவனோ சோழ அரசன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். புறநானூற்றின் 173ஆம் பாட்டு "யான்வாழும் நாளும் பண்ணன் வாழிய" என்று தொடங்குகிறது. தன் ஆயுளையும் சேர்த்து அவன் வாழட்டும் என்று ஓர் அரசன் வாழ்த்துகிறான்! மழை வருமுன் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் நோக்கி வரிசையாகப் போகும் சிற்றெறும்புகளைப்போல, கையில் சோற்றோடு பிள்ளைகள் செல்வதைப் பார்த்த பின்னும், 'பசிப்பிணி மருத்துவன்' வீடு பக்கமா, தொலைவா என்று அந்தப் பாட்டு கேட்கிறது. போரில் வென்றதற்காக அல்லாமல், பிள்ளைகளுக்குச் சோறு போட்டதற்காகப் புகழப்பட்டவனின் பெயரைவிட ஒரு குழந்தைக்கு வேறென்ன நல்ல பெயர் கிடைத்துவிடும்? வல்லார் கிழான் பண்ணன் என்று வேறொரு வள்ளலும் அதே நூலில் இருக்கிறான். "வாயில வரோணுமே கண்ணு" என்று தயங்கிய மாமியாரும், இந்தப் பாட்டைச் சொன்னதும், "ஊருக்குச் சோறு போட்டவன் பேருன்னா வெச்சுப் போடு" என்று இசைந்தார்.

பதிவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே பிறப்பைத் தெரிவித்துவிடுவார்கள் என்பதால், பெயரில்லாச் சான்றிதழோடு நிதானமாகத் தேடினோம். ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை விருப்பம்போல் மாற்ற முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை இந்தச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதால் எழுத்துப் பிழைக்கு இடம் தரக் கூடாது.

எங்களுக்குக் கடினமாக இருந்தது ஆங்கில எழுத்துக்கூட்டல்தான். ணகரத்துக்கும் னகரத்துக்கும் அங்கே ஒரே எழுத்து. ஆகவே நடுவில் அதை இரட்டித்து, கடைசியில் ஒற்றையாக எழுதுவது என்று முடிவு செய்து, இரு மொழிகளிலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி விண்ணப்பத்துடன் கொடுத்தோம். தட்டச்சு செய்தவர் பழக்கத்தில் 'கண்ணன்' என்று அடித்துவிட்டார். உறுதி செய்யுமுன் திரையில் காட்டும்படி கேட்டதால் உடனே திருத்தினார். பழக்கமில்லாத பெயரை வைப்பவர்கள் அவசியம் அப்படிக் கேளுங்கள். சான்றிதழ் வந்ததும் தடுப்பூசி அட்டையிலும் அதே எழுத்துக்கூட்டலில் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு ஆதாருக்கு விண்ணப்பித்தோம்.