பிளிக்லிங் மாளிகையும் பிறந்த வீடு தேடி வரும் அரசியும்

இங்கிலாந்தின் நாரிச் நகரிலிருந்து வடக்கே சென்று ஐல்ஷம் ஊரைக் கடந்ததும், சாலையோரத்திலேயே பிளிக்லிங் மாளிகை தென்படுகிறது. இருபுறமும் ஆளுயரத்தை விஞ்சி அடர்ந்து நிற்கும் யூ மர வேலிகளுக்கு நடுவே, செங்கற் சுவர்களும் மூலைக் கோபுரங்களுமாக அது நிமிர்ந்து நிற்பதைக் கண்டபோது, இங்கே ஆவி உலவுவதாக இந்த நார்ஃபோக் மாவட்டத்து மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருவதில் எனக்கு வியப்பேதும் தோன்றவில்லை.

எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலின், ராஜத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டு 1536 மே 19 அன்று லண்டன் கோபுரத்தில் வாளால் வெட்டப்பட்டு மாண்டார். ஆண்டுதோறும் அதே நாள் இரவில், தலையில்லாத சாரதி ஓட்டும் குதிரை வண்டியில், தம் தலையை மடியில் ஏந்தியபடி அவர் இந்த வாசலுக்கு வருகிறாராம். பொலின் குடும்பத்தின் பழைய வீடு இங்கேதான் இருந்தது. பெரிய கூடத்தில் அவருடைய உருவத்தைச் செதுக்கி, 1507இல் இங்கே பிறந்தவர் என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். ஆனால் இன்றுள்ள மாளிகை, தலைமை நீதிபதி சர் ஹென்றி ஹோபர்ட் 1616இல் இந்த இடத்தை வாங்கிய பிறகு, ராபர்ட் லைமிங்கைக் கொண்டு எழுப்பியது. இதன் ஒரு படியில்கூட ஆன் கால் வைத்ததில்லை. அதை அறிந்த பின் இந்தக் கதை எனக்கு இன்னும் உருக்கமாகப் பட்டது. கணவனே கொல்லச் சொன்ன ஒரு பெண்ணை ஊரார் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்து சேர்த்திருக்கிறார்கள்.

123 அடி நீள மாடக்கூடத்தையும் அதன் சுதை வேலைப்பாட்டுக் கூரையையும் நம்மைப் போன்றவர்கள் காண முடிவது, 1940இல் மறைந்த லோதியன் பிரபு மாளிகையை, பழம்பெரும் இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு எழுதிவைத்ததால்தான். 1932இல் இந்திய வாக்குரிமைக் குழுவுக்குத் தலைமையேற்று வந்தவரும் இவரே.

தென்மேற்குக் கோபுர அறையில் கேட்பதாகச் சொல்லப்படும் முனகல் வேறொருவருடையது. மாளிகையைக் கட்டிய ஹோபர்ட்டின் வழித்தோன்றலும் அதே பெயரினருமான, ‘பாரோனெட்’ என்ற பரம்பரைப் பட்டத்தை நான்காவதாகப் பெற்ற சர் ஹென்றி ஹோபர்ட் தேர்தலில் தோற்றவர். 1690இல் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் தாம் கோழையாக நடந்துகொண்டதாக உள்ளூர் நிலக்கிழார் ஆலிவர் லெ நெவ் வதந்தி பரப்பினார் என்று நம்பி, 1698 ஆகஸ்டில் காஸ்டன் பொட்டலில் அவருடன் வாட்போரிட்டார். வயிற்றில் குத்துப்பட்டு வீட்டுக்குத் தூக்கிவரப்பட்டவர் மறுநாள் இறந்தார். சாட்சிகள் இல்லாத அந்தச் சண்டை சட்டவிரோதமானது என்பதால் லெ நெவ் ஹாலந்துக்குத் தப்பியோடி, பின்னர் திரும்பிவந்து விடுதலை பெற்றார். பிளிக்லிங்குக்குச் செல்பவர்கள், நாரிச்சிலிருந்து ஹோல்ட் செல்லும் சாலையோரம் அச்சண்டையின் நினைவாக நிற்கும் கல்லையும் அவசியம் பார்க்க வேண்டும். அதில் ஹோபர்ட்டின் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.