ஒன்றரை அங்குலச் சரிவு

இன்று விடியலில் பால் கறக்க உட்கார்ந்தபோது, மூத்த பசு படுத்தெழுந்த இடத்தில் கோமியம் வழிந்தோடாமல் தேங்கி நிற்பதையும், அதன் மடி நனைந்திருப்பதையும் கண்டேன்.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சிமெண்ட் தளம் அங்கே உள்வாங்கியிருந்தது.

தீவனத் தொட்டியிலிருந்து வாய்க்கால் வரை நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் சரிவு வேண்டும்; அதாவது ஐந்தரை அடித் தளத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான இறக்கம். அதைவிடச் சரித்தால் சினை மாடுகள் நிற்கவும் படுக்கவும் அவதிப்படும். குறைத்தாலோ ஈரத்தில் பெருகும் கிருமிகள் காம்புத் துளை வழியே ஏறி மடிவீக்கத்தை உண்டாக்கும், குளம்புகளும் ஊறி அழுகும். கறவை முடிந்த அரை மணி நேரத்துக்குக் காம்புத் துளை முழுவதும் மூடாது என்பதால், அந்த நேரத்தில் ஈரத்தில் படுப்பதுதான் எனக்குப் பெரிய அச்சம்.

வாய்க்காலின் முனையிலும் வைக்கோல் அடைத்திருந்தது. தினமும் வழித்துவிடுகிறோம் என்றுதான் நம்பியிருந்தேன். குழாயின் வாயைக் குனிந்து பார்த்து எத்தனை நாளாயிற்று என்பது நினைவில்லை. அடைப்பை எடுத்ததும், தேங்கியிருந்த நீர் தென்னைக்குப் போகும் தொட்டியில் இறங்கும் ஓசை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார். தளத்தை வழுவழுப்பாக்காமல், சொரசொரப்பாகவே பூசச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பசுவைக் கிழக்கு ஓரத்தில், காய்ந்த தரையில் கட்டியிருக்கிறேன்.