பலகைப் படத்தின் பின்பக்கம்

எங்கள் வீட்டுப் பூஜையறையில் நெடுங்காலமாக இருக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தொல்பொருள் பதிவுச் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. படம் எப்போது எழுதப்பட்டது, அது எங்கள் குடும்பத்துக்கு வந்தது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆதாரம் தேடியதுதான் என்னை மிகவும் அலைக்கழித்தது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

வெண்ணெய்த்தாழியை அணைத்தபடி அமர்ந்திருக்கும் கிருஷ்ணன் படம் அது. சரபோஜி மன்னரின் அரண்மனையிலிருந்து வந்தது என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருப்பார். அதன் மதிப்பை அறிய முதலில் ஒரு பழம்பொருள் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கற்கள் மங்கிவிட்டன, ஐம்பது வருடம்கூட இருக்காது என்று சொல்லி, ஓர் அற்ப விலையைக் கூறினார். பழைய பொன்னைச் சுரண்டிவிட்டுப் புதிய தங்க ரேக்கு ஒட்டித் தருவதாகவும், அப்படிச் செய்தால் விலை இரட்டிப்பாகும் என்றும் ஆசை காட்டினார். இந்த யோசனைக்கு யாரும் இணங்கிவிட வேண்டாம். புதுப்பிக்கப்பட்ட படம் தன் வயதைக் காட்டும் அடையாளங்களைப் பெருமளவு இழந்துவிடும்; இழந்ததைத் திரும்பப் பெற வழியே இல்லை.

பிறகு, அருங்காட்சியகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். அவர் முதலில் பார்த்தது பின்பக்கத்தைத்தான். இணைத்துச் சட்டமடித்த பலாப்பலகைகள், கையால் அடித்த இரும்பு ஆணிகள், பலகைமேல் பசையிட்டு ஒட்டிய துணி, சுண்ணப்பொடிக் குழம்பால் மேடெழுப்பிய நகை வேலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒட்டுப்பலகையில் செய்யப்படும் இக்காலப் படங்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்பதைப் பொறுமையாக விளக்கினார். முன்கண்ணாடியை நாமாகக் கழற்றக் கூடாது என்றும், ஈரப்பதத்தால் வண்ணம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்கும்போது அதோடு உரிந்து வந்துவிடும் என்றும் எச்சரித்தார். முன்பு எப்போதோ சட்டம் மாற்றியவர்கள் பின்பக்கம் முழுவதும் ஒட்டிவிட்டுப் போயிருந்த பழுப்புத் தாளை அவர் மெல்ல விலக்கியபோது, மையால் எழுதிய இரண்டு வரிகள் வெளிப்பட்டன. ஒரு வரியில் என் கொள்ளுப்பாட்டியின் பெயர் இருந்தது. மற்றதில் ‘விகாரி வருஷம் தை மாசம்’ என்று இருந்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. எனவே அந்தத் தை மாதம் 1840, 1900, 1960 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். தொண்ணூறு வயதைக் கடந்த சின்னப் பாட்டி, “நான் கல்யாணமாகி வந்தபோதே அந்தப் படம் அங்கேதான் இருந்தது” என்று உறுதியாகச் சொன்னதால் 1960 விலகியது. பேத்திக்குப் பாட்டி பெயரை இடும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு என்பதால், பெயரை மட்டும் வைத்து மற்ற இரண்டில் ஒன்றை முடிவு செய்ய இயலவில்லை. மகன்கள் பாகம் பிரித்தபோது அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததாகச் சின்னப் பாட்டி நினைவுகூர்ந்தார். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வழிகாட்டியது. வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே, படத்தையோ பாத்திரத்தையோ அவர்கள் கண்முன் வைத்துக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலுக்காகப் பதிவு அலுவலகம் சென்றேன். ஆவண எண்ணும் ஆண்டும் இல்லாமல் எதையும் தேட முடியாது என்று எழுத்தர் மனுவை வாங்கவே மறுத்துவிட்டார். மறுபடி போனபோது உரியவர் விடுப்பில் இருந்தார். ஆட்களின் பெயர்வரிசையில் ஓர் அட்டவணையும் சொத்து வரிசையில் இன்னோர் அட்டவணையும் பதிவு அலுவலகங்களில் உண்டு என்பதைப் பழைய பத்திர எழுத்தர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். தேடுதல் கட்டணம் செலுத்துகிறேன், பெயர் அட்டவணையில் பாருங்கள் என்று மனுவிலேயே எழுதிக் கொடுத்த பிறகு பதிவேடு வெளியே வந்தது. எண் தெரியாதவர்கள் மறுப்பைக் கேட்டுத் திரும்பிவிடாமல் இதையே கேளுங்கள்.

நகலில் நான் தேடியது இருந்தது. ‘எங்கள் தாயாருக்கு விவாக காலத்தில் அவர் பிறந்த வீட்டார் எழுதுவித்துக் கொடுத்த கிருஷ்ணன் படம்’ சீதனமாகையால் பாகத்தில் சேராது, மூத்தவர் வீட்டுப் பூஜையிலேயே இருக்க வேண்டும் என்று சகோதரர்கள் ஒப்பியிருந்தார்கள். சின்னப் பாட்டியின் நினைவுக்கு எட்டிய காலத்தில் பாகம் பிரித்த மகன்களின் தாய் 1840-இல் மணமானவராக இருக்க முடியாது. ஆகவே ஆண்டு 1900. சரபோஜி 1832-இலேயே மறைந்துவிட்டார். பெரியப்பாவின் அரண்மனைக் கதை இதனுடன் பொருந்தவில்லை. ஆனால் மராத்தியர் ஆட்சி 1855-இல் முடிந்த பிறகு தஞ்சை ஓவியர்கள் வணிகர்களுக்கும் வசதிபடைத்த குடும்பங்களுக்கும் படம் எழுதிப் பிழைத்தார்கள் என்ற வரலாற்றுக்குள் இந்தப் படம் சரியாக வந்து அமர்கிறது. மகளைக் கட்டிக் கொடுக்கும் ஒரு வீடு ஓவியரை அழைத்து, அவள் பெயரையே பின்னால் எழுதச் சொல்லியிருக்கிறது. அரண்மனைப் படம் என்ற பெருமையைவிட இது எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, நூறாண்டு கடந்த மரப்பலகை ஓவியங்கள் பதிவுக்கு உரியவை. விண்ணப்பம் தொல்லையின்றி முடிந்தது. புகைப்படத்தில் மட்டும் கவனம் தேவை. ஃபிளாஷ் போட்டால் பொன் முழுவதும் வெள்ளையாகத் தெரியும் என்பதால், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, அளவுகோலோடு, பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி படத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்ல ஆசைப்பட்டான். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அந்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. உள்நாட்டில் உரிமை மாறினாலும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். பின்பக்க எழுத்தின் புகைப்படத்தையும் பத்திர நகலையும் அவனுக்கு அனுப்பி வைத்தேன். எந்த ஊர் ஓவியர் எழுதியது என்று அவன் கேட்டிருக்கிறான். கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுவழி உறவினர்களை இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.