பதினோராவது ஊரில் ஒன்பதாவது நாள்

இன்று காலை வீட்டைப் பூட்டும்போது சாவியை யோசிக்காமலே இடப்பக்கம் திருப்பினேன். இங்கே பூட்டு, நான் இதுவரை இருந்த வீடுகளுக்கு நேர்மாறு. வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் திருப்பி, அது மாட்டிக்கொண்டு, அப்புறம் ஞாபகம் வந்து மறுபக்கம் திருப்புவேன். இன்றைக்குக் கை தானாகவே செய்துவிட்டது. பாதிப் படி இறங்கிய பிறகுதான் அது உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு ஊர் எனக்குப் பழக ஆரம்பிக்கிற நேரம் இதுதான் என்று இத்தனை ஊர் மாறியதில் எனக்குத் தெரியும். இன்னும் பதினோரு வாரத்தில் இதே சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்பதும் தெரியும்.

ஆறு வருடம், பதினோரு ஊர். மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை, முதுகில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. யாராவது கேட்டால் நாடோடி வாழ்க்கை என்று சொல்லிவிடுவேன். அந்த வார்த்தையை நான் சொல்லலாமா என்றுதான் ஒன்பது நாளாக யோசித்துக்கொண்டே இந்த ஊரைச் சுற்றுகிறேன்.

முதல் ராத்திரியிலிருந்து சொல்கிறேன். புது ஊரில் முதல் ராத்திரி எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வராது. கண்ணை மூடியிருப்பேன், ஆனால் உள்ளே ஒரு ஆள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். இந்த வீட்டில் லிஃப்ட் ஒவ்வொரு மாடியில் நிற்கும்போதும் சுவருக்குள்ளிருந்து ஒரு இரும்புச் சத்தம் வரும், அன்றைக்கு அத்தனை தடவையும் முழித்தேன். பிரௌன் பல்கலைக்கழகத்தில் தூக்கத்தை ஆராய்கிறவர்கள் 2016இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடப்பாதி, வலப்பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லையாம். வலது காதில் விழுகிற சின்னச் சத்தத்துக்கும் அது துள்ளிவிடுகிறது. ஒரு வாரம் கழித்து அதே ஆட்கள் அதே அறையில் தூங்கியபோது அந்த வித்தியாசம் இல்லை. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். பாதி மூளை காவல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அந்த லிஃப்ட் சத்தம் எனக்குக் கேட்பதே இல்லை. இன்றைக்கு இதை எழுதுவதற்காகக் காது கொடுத்துக் கேட்டேன், வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கிறது.

பகலில் நடை. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, முதல் வாரம் போன் சொல்கிற வழியில் நடப்பதில்லை. ஐந்தாவது ஊரில் மூன்று மாதமும் அந்தக் குரல் சொன்ன இடத்தில் திரும்பித் திரும்பி நடந்தேன். இன்றைக்கு அந்த ஊரை ஒரு தாளில் வரையச் சொன்னால் எனக்கு நாலு கோடுகூட வராது, மூன்று மாதம் ஒரு அம்புக்குறிக்குள் வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைக்கும்போது இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கால் போன போக்கில் போய், தொலைந்து, வந்த வழியை விட்டு வேறு வழியில் வீடு திரும்புகிற பழக்கம் வந்தது.

இந்த ஊரில் ஒரு ஆறு ஓடுகிறது. வீட்டிலிருந்து இறங்கினால் பத்து நிமிடத்தில் கரை. அது எனக்கு ஊரின் கிழக்கு எல்லையாக இருந்தது, எதற்கெடுத்தாலும் ஆறு அந்தப் பக்கம் என்றுதான் மனதுக்குள் கணக்கு. ஆறாவது நாள் நேர் எதிர்த்திசையில் மேடேறி நடந்தேன். டிராம் தண்டவாளம் முடிகிற இடம், அதைத் தாண்டி ஒரு பூங்கா, பூங்காவின் பின்பக்கம் துருப்பிடித்த ஒரு சின்னக் கதவு. தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் எதிரே தண்ணீர். வேறொரு ஆறு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் தூரத்தில் பாலத்தின் பச்சைக் கைப்பிடியைப் பார்த்ததும் தலைக்குள் ஏதோ ஒன்று அப்படியே சுழன்றது. ஆறு ஊரைச் சுற்றி வளைந்து வருகிறது. நான் இரண்டு தனித்தனி ஊராக வைத்திருந்தது சட்டென்று ஒன்றாகிவிட்டது. அந்த இடத்தில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன், நாயோடு வந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

தலைக்குள் சுழல்வது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் என்கிற மூளை ஆராய்ச்சியாளர், எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கிற செல்களைக் கண்டுபிடித்தார். இந்த மூலைக்கு ஒரு செல், அந்த மூலைக்கு வேறொன்று. 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் என்கிற ஆராய்ச்சியாளர்கள் அதற்குப் பக்கத்துப் பகுதியில் இன்னொரு வகைச் செல்லைக் கண்டார்கள், அவை இடத்தையே தேன்கூடு மாதிரிக் கட்டம் போட்டு அளக்கின்றன. மூன்று பேருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க, நகரின் நடுவில் இருக்கிற சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கிற ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும், வருடக்கணக்கில் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றிப் படிப்பார்கள். அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதாக 2000இல் ஓர் ஆய்வு சொன்னது.

சரி, அவர்கள் அந்த வரைபடத்தை வைத்துப் பிழைக்கிறார்கள். என் தலையில் பழைய ஊர்களின் வரைபடம் சும்மா கிடக்கிறது. இதுதான் இந்தத் தடவை என்னைப் போட்டு வாட்டுகிறது. ஏழாவது ஊரில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீடுவரை 74 கல்படி ஏற வேண்டும். கீழிருந்து மூன்றாவது படி உடைந்து ஆடும். ராத்திரியில் வெளிச்சம் இல்லாமல் வந்தாலும் என் கால் அதை மட்டும் தாண்டிவிடும். இந்த ஊரில் வேறெந்தப் படியில் ஏறினாலும் மூன்றாவது படியில் இன்னும் என் கால் ஒரு கணம் தயங்குகிறது. யாருக்கும் பயன்படாத அறிவு, ஆனால் எனக்கு அது பெரிய சொத்து. அதை ஏன் அங்கே விட்டுவிட்டு வந்தேன் என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை.

பாதிக் காரணம் காலண்டர். ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசாவில் போனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. நிறைய நாடுகளில் ஒரு வருடத்தில் 183 நாள் தாண்டினால் வரி கட்டுகிற ஆளாகிவிடுவோம். எஸ்டோனியா 2020இல் எங்களைப் போன்றவர்களுக்கென்றே தனி விசா கொண்டுவந்தது, அப்புறம் பல நாடுகளும் கொண்டுவந்தன. நாள் எண்ணி எண்ணியே வாழப் பழகிவிட்டோம். மீதிப் பாதிக் காரணம் நானேதான். பார்த்த ஊருக்கே திரும்பப் போவது ஒரு வாய்ப்பை வீணாக்குவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் உண்மையான நாடோடிகள் அப்படி நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் நோமேட் என்கிற சொல்லே மேய்ச்சலைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, அதாவது மந்தையோடு போகிறவர். மந்தை புல்லுக்காகப் போகிறது, புல் பருவத்துக்கு வருகிறது, அதனால் அவர்கள் பாதை வட்டமாக இருக்கிறது. மங்கோலிய மேய்ப்பர்கள் கோடையில் எங்கே போனாலும் குளிர்காலத்துக்குக் குடும்பத்துக்கென்று இருக்கிற பழைய இடத்துக்கே வருகிறார்கள், அங்கே ஆடுமாடுகளுக்கான கொட்டகை அவர்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். கெர் என்கிற அவர்களுடைய கம்பளிக் கூடாரத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போய் எங்கே நட்டாலும் கதவு தெற்கேதான் பார்க்கும். உள்ளே வடக்குப் பக்கம் மரியாதைக்குரிய இடம். ஆகவே நிலம் மாறினாலும் ராத்திரி எழுந்து கை நீட்டினால் பழைய இடத்திலேயே பழைய பொருள். வட ஐரோப்பாவில் சாமி என்கிற இன மக்கள் கலைமான் மந்தையோடு குளிர்கால நிலத்துக்கும் கோடை நிலத்துக்கும் போய்ப் போய் வருகிறார்கள். ஆல்ப்ஸ் மலையில் ஆடு ஓட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறவர்களும் அதே தடத்தில்தான். அவர்கள் ஊர் ஊராக ஓடவில்லை, ஒரு பெரிய வீட்டின் அறைகளுக்கு இடையே நடக்கிறார்கள். அந்த வீடு பல மைல் அகலம்.

நம் பழைய ஆற்றுப்படைப் பாட்டுகளிலும் இதே சங்கதி இருக்கிறது. பரிசில் வாங்கித் திரும்பி வருகிற பாணன்தான், எதிரே வருகிற பாணனுக்கு வழி சொல்வான், எங்கே ஏற்றம், எங்கே நிழல், யார் வீட்டில் வரவேற்பார்கள் என்று. ஒருவழிப் பயணம் போகிறவனால் யாருக்கும் வழி சொல்ல முடியாது. இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், இந்த வாரம்தான் எனக்குத் தைத்தது.

கணித மேதை பால் எர்டிஷைப் பற்றியும் இந்த வாரம் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். சொந்த வீடு கிடையாது, ஒரு பெட்டியோடு உலகம் சுற்றியபடியே ஏறத்தாழ 1,500 கட்டுரைகள், அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் 500 பேருக்கு மேல். 1996இல் வார்சாவில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தபோது இறந்தார். கட்டற்ற வாழ்க்கைக்கு உதாரணமாக அவரைச் சொல்வார்கள். ஆனால் அவர் திரும்பத் திரும்ப அதே நண்பர்களின் வீட்டுக்குத்தான் போனார். ரான் கிரஹாம் என்கிற கணித நண்பர் தன் வீட்டில் அவருக்கென்று ஒரு அறையே வைத்திருந்தார், அவருடைய பணத்தையும் தபாலையும் பார்த்துக்கொண்டார். அவர் வீடில்லாமல் வாழ முடிந்ததற்குப் பின்னால் எத்தனை வீடுகள் கதவைத் திறந்து வைத்திருந்தன!

எனக்கு அப்படி ஒரு கதவும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் நல்ல மனிதர்கள் கிடைக்கிறார்கள், அதில் குறையே சொல்ல மாட்டேன், ஆனால் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. என் பெயர் இது, வேலை இது, எவ்வளவு நாள் இருப்பேன் என்பது இது. மூன்று மாதத்தில் பேச்சு இதையெல்லாம் தாண்டி ஒரு ஆழத்துக்குப் போகிற சமயத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். போன வருடம் நீ இப்படி இருக்கவில்லையே, கொஞ்சம் இளைத்திருக்கிறாயே என்று சொல்வதற்கு எந்த ஊரிலும் ஆள் இல்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆறு வருடம் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்காமல் இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

ஏழாவது ஊரில் வீட்டுக்காரம்மா வயதானவர், எங்களுக்குள் பொது மொழி கிடையாது, போனில் மொழிபெயர்த்துத்தான் பேசுவோம். கிளம்புகிற அன்று மாடிப்படி வரைக்கும் வந்து, போனில் எதையோ மெதுவாகத் தட்டி என் முகத்துக்கு நேரே காட்டினார். எப்போது வருவாய் என்று இருந்தது. பார்க்கலாம் என்று தட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, புரிந்த மாதிரி இரண்டு தடவை தலையாட்டிவிட்டு, என் பையின் வாரை இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

நேற்று ராத்திரி அவருக்கு எழுதினேன். பிப்ரவரியில் அந்த அறை காலியாக இருக்குமா, இருந்தால் வருகிறேன், அடுத்த வருடமும் வருவேன் என்று. இன்று மத்தியானம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. அறை காலியாகத்தான் இருக்கிறதாம், ஜன்னல் தாழ்ப்பாளை மாற்றியிருக்கிறாராம். கடைசியில் ஒரு வரி தனியாக இருந்தது. கீழே மூன்றாவது படியைச் சரிசெய்துவிட்டார்கள், நீ பழைய ஞாபகத்தில் தாண்டப் போகிறாய், பார்த்து ஏறு.