சிமிலானுக்கு ஒரு மலிவுப் படகில்

லைவ்அபோர்டு என்றால் படகிலேயே சாப்பிட்டு, தூங்கி, அங்கிருந்தே கடலில் குதிக்கும் டைவிங் பயணம். குளியலறையோடு தனி கேபின் தரும் சொகுசுப் படகுகள் உண்டு. நான் ஏறியது அந்த ரகம் இல்லை. தாய்லாந்தின் சிமிலான் தீவுகளுக்குப் போகும் பழைய படகு. கீழ்த்தளத்தில் அடுக்குப் படுக்கை, எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை, தலைமாட்டில் இன்ஜின் சத்தம்.

சிமிலான் தேசியப் பூங்கா அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும். மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். நான் மார்ச்சில் போனேன். சென்னை, பாங்காக், புக்கெட், அப்புறம் வேனில் காவோ லாக் என்ற கடலோர ஊர். படகு கிளம்புவது பக்கத்தில் உள்ள தாப் லாமு துறையிலிருந்து.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை நம்பிப் படகுகளை ஒப்பிட முடியாது. பூங்காக் கட்டணம், வாடகை உபகரணம், நைட்ரக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த சுவாசக் காற்று), கடைசி நாள் சிப்பந்திகளுக்கு டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு. இவற்றைக் கூட்டிப் பார்த்தபோது, மிகக் குறைந்த விலை போட்டிருந்த படகு என் பட்டியலில் நடுவில் போய் நின்றது. மாஸ்க்கும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்கும் டைவ் கம்ப்யூட்டரும் சொந்தமாக இருந்ததால் எனக்குக் கொஞ்சம் மிச்சம்.

பணம் கட்டும் முன் நான் அதிகம் விசாரித்தது தீ பற்றித்தான். 2019 செப்டம்பரில் கலிபோர்னியாவில் கான்செப்ஷன் என்ற டைவ் படகு இரவில் தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் அனைவரும் கீழ்த்தளத்தில் தூங்கியவர்கள். இரவில் விழித்திருந்து சுற்றிப் பார்க்க ஆள் இல்லாதது விசாரணையில் முக்கியக் குறையாகச் சொல்லப்பட்டது. அதனால் எல்லாப் படகுக்காரர்களிடமும் இதையே கேட்டேன்: கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே? ராத்திரி யார் விழித்திருப்பார்கள்? டார்ச், கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடுவது? ஒரு இடத்திலிருந்து "கவலை வேண்டாம்" என்று மட்டும் பதில் வந்தது, அவர்களை விட்டுவிட்டேன். தேர்ந்தெடுத்த படகில் ஏறியதும் முதல் வேலையாக அந்த இரண்டாவது வழியைத் திறந்து, ஏறி, மேல்தளத்துக்கு வந்து பார்த்தேன். சிப்பந்தி ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

தாய் படகுகளில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். செருப்பைத் துறையிலேயே கூடையில் போட்டுவிட்டோம். படகின் முகப்பில் காவல் தெய்வம் மே யா நாங்குக்காக மாலையும் வண்ணத் துணிகளும் கட்டி, பட்டாசு வெடித்துக் கிளம்பினார்கள். முதல் இரவே திறந்த கடலைக் கடக்க வேண்டும். வாந்தி மாத்திரையைப் படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. ஏறும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கீழே புழுங்கியதால் பாதிப் பேர் தலையணையோடு மேல்தளத்துக்கு வந்துவிட்டார்கள். மலிவுப் படகின் சிறந்த படுக்கை அதுதான். சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் இருக்கும்.

அதன் பிறகு வாழ்க்கை ஒரே தாளம்: விடிந்ததும் டைவ், சாப்பாடு, டைவ், சாப்பாடு, தூக்கம், டைவ், சூரியன் சாயும்போது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பலகையில் படம் வரைந்து நீரோட்டத்தை விளக்குவார்கள். ஆழமான டைவ் காலையில். நாள் போகப் போக உடம்பில் நைட்ரஜன் சேரும், காதும் சோர்ந்துபோகும். பணம் கட்டியாயிற்றே என்று எல்லா டைவிலும் இறங்க வேண்டியதில்லை. நான் இரவு டைவ் ஒன்றை விட்டுவிட்டுத் தூங்கினேன். மறுநாள் காலை காது சுலபமாகத் திறந்தது.

சிமிலான் தீவுகளின் மேற்குப் பக்கம் வீடு அளவுக்குக் கருங்கல் பாறைகள், நடுவே நுழைந்து போகும் சந்துகள். கிழக்கே சரிவாக இறங்கும் பவளம். யானைத் தலைப் பாறையில் நீரோட்டம் மூலைக்கு மூலை திசை மாறியது. கோ போன் தீவில் மாண்டா திருக்கை வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை. ஆனால் வடக்கே ரிஷெல்யூ பாறை ஒன்றுக்காகவே இந்தப் பயணம் போகலாம். குதிரை லாட வடிவில் கடலடியிலிருந்து எழும் பாறை, ஊதா நிற மென்பவளம் போர்த்தியிருக்கிறது. ஷீலா மீன் கூட்டம் தலைக்கு மேல் சுழன்றது. பிறகு வழிகாட்டி விரலால் காட்டிய ஒரு பாசித் துணுக்கை வெகு நேரம் முறைத்த பின்தான் அது பேய்க் குழல்மீன் என்று புரிந்தது. இங்கே நல்ல இடங்கள் பல, அடிப்படைச் சான்றிதழின் வரம்பான 18 மீட்டருக்குக் கீழே இருக்கின்றன. 30 மீட்டர் வரை அனுமதிக்கும் அட்வான்ஸ்டு சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது. புதுச்சேரியிலோ அந்தமானிலோ முடித்துவிட்டுப் போகலாம்.

காப்பீட்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா சேராது, அல்லது ஆழ வரம்பு இருக்கும். டைவிங்கால் வரும் நைட்ரஜன் பாதிப்புக்குத் தரும் அழுத்த அறை சிகிச்சையும் அவசரமாகக் கரை சேர்ப்பதும் அடங்குகிறதா என்று பாலிசியை வாசித்துப் பாருங்கள்.

திரும்பும் டிக்கெட்டையும் யோசித்துப் போட வேண்டும். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை; நான் 24 வைத்துக்கொண்டேன். ஆகவே காவோ லாக்கில் ஒரு இரவு அறை வாடகையையும் படகுக் கட்டணத்தோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.