ஜிம் ஷெரிடன்: ஒரு டப்ளின் நாட்குறிப்பு

2025 ஜனவரி 12, ஞாயிறு

நாற்பது வயது வரை ஒரு படம்கூட எடுக்காத ஐரிஷ் திரைப்பட இயக்குநர் ஜிம் ஷெரிடன். அதுவரை நாடகம், நாடகம், நாடகம்தான். கானலி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் செவில் பிளேஸில் வளர்ந்தவர். அப்பாவுக்கு ரயில்வே வேலை. வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்து நாடகம் போடுவார். எழுபதுகளில் ஜிம்மும் தம்பி பீட்டரும் டெம்பிள் பார் பகுதியில் இருக்கும் 'புராஜெக்ட்' நாடக அரங்கை நடத்தினார்கள். கேப்ரியல் பைர்ன், லியம் நீசன் எல்லாம் அங்கே நடித்துப் பழகியவர்கள்தான். லண்டனிலிருந்து ஒரு தன்பாலீர்ப்பாளர் நாடகக் குழுவை வரவழைத்ததற்காக டப்ளின் மாநகராட்சி மானியத்தை நிறுத்திவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜிம் மனைவி பிள்ளைகளோடு நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார். அங்கேயும் ஐரிஷ் ஆர்ட்ஸ் சென்டரில் நாடகம்தான். சினிமா என்று முறையாகப் படித்தது சில வாரப் படிப்பு மட்டும்.

வரிசையாக எல்லாப் படத்தையும் பார்த்துவிடுவது என்று முடிவு. குளிர்காலத்தில் இந்த ஊரில் வேறென்ன வேலை?

ஜனவரி 18, சனி

'மை லெஃப்ட் ஃபுட்', 1989. பெருமூளை வாதத்தோடு பிறந்து, இடது காலால் எழுதவும் வரையவும் கற்றுக்கொண்ட கிறிஸ்டி பிரவுனின் கதை. அயர்லாந்தின் திரைப்பட வாரியத்தை 1987லேயே மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தது 1993ல். அந்த இடைவெளியில், கையில் கிடைத்த சொற்பப் பணத்தில் எடுத்த படம். ஆஸ்கருக்கு ஐந்து பரிந்துரைகள். வளர்ந்த கிறிஸ்டியாக நடித்த டேனியல் டே-லூயிஸும் அம்மாவாக நடித்த பிரெண்டா ஃப்ரிக்கரும் விருது வாங்கினார்கள்.

எனக்குப் பிடித்தது டே-லூயிஸ் வருவதற்கு முந்தைய பகுதி. சின்னக் கிறிஸ்டியாக ஹியூ ஓ'கானர். அவன் தரையில் கிடக்கிறான். கால் விரல்களுக்கு நடுவே சாக்குக்கட்டி. வீடு முழுக்கப் பிள்ளைகள், அப்பா நாற்காலியில். சும்மா கிறுக்குகிறான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எழுத்து ஒவ்வொன்றாக, கோணல்மாணலாக விழுகிறது: 'அம்மா'. கேமரா பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஒரு அறை, ஒரு குடும்பம், எல்லோரும் ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். இது மேடைக்காரன் மூளை. அப்புறம் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மதுக்கடைக்குப் போய், இவன் என் பிள்ளை என்று ஊருக்கே காட்டுகிறார். அந்த அப்பா, ரே மெக்அனலி.

ஜனவரி 24, வெள்ளி

எயோவின் புயல். நாடு முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. யாரும் வெளியே போகவில்லை. மேற்கே கால்வேயில் காற்று மணிக்கு 183 கிலோமீட்டர் என்கிறார்கள். எங்கள் பக்கம் கரண்ட் போகவில்லை, அதனால் 'இன் த நேம் ஆஃப் த ஃபாதர்'.

இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரில் 1974ல் நடந்த குண்டுவெடிப்பில் செய்யாத குற்றத்துக்காகப் பதினைந்து ஆண்டு உள்ளே கிடந்த ஜெரி கான்லன். மகனுக்கு உதவ லண்டன் வந்து தானும் மாட்டிக்கொண்டு, 1980ல் கைதியாகவே செத்துப்போன அப்பா ஜுசெப்பே. படத்தில் இருவரும் ஒரே சிறை அறையில் இருக்கிறார்கள். நிஜத்தில் அப்படி இல்லை. வழக்கறிஞர் கரத் பியர்ஸ் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுவதும் நடக்காத சங்கதி. பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதையெல்லாம் பிடித்துக் கிழித்தன. நீதிமன்றக் காட்சியை நானும் மன்னிக்க மாட்டேன். கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் ஒரே அறை? அது இல்லாவிட்டால் படமே இல்லை. ஊதாரி மகன், ஜெபமாலை உருட்டும் அப்பா, நடுவே சில அடி தூரம். இரண்டு பேரைப் பூட்டிவை, மற்றது தானாக வரும் என்பது நாடகக்காரர் கணக்கு.

ஜுசெப்பே இறந்த இரவு கைதிகள் காகிதத்தைக் கொளுத்தி ஜன்னல் கம்பி வழியே விடுகிறார்கள். எரியும் தாள்கள் இருட்டில் மெதுவாக இறங்குகின்றன. வசனமே இல்லை. படமெடுத்தது இங்கே கில்மேனம் சிறையில். பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடி வாங்கிய படம்.

பிப்ரவரி 3, திங்கள்

பிரிஜிட் நாள் விடுமுறை. 'தி ஃபீல்ட்' (1990). ஜான் பி. கீனின் நாடகம். 1965ல் மேடையில் நாயகன் 'புல்' (காளை) மெக்கேபாக நடித்தவர் ரே மெக்அனலி. படத்திலும் அவர்தான் என்றிருந்தது. 1989 ஜூனில் இறந்துவிட்டார். ரிச்சர்ட் ஹாரிஸ் வந்தார், ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கினார். அப்பனும் மகனும் கடற்பாசியைக் கூடையில் முதுகில் சுமந்து மலையேறி, பாறை நிலத்தில் கொட்டி மண்ணாக்குகிறார்கள். அந்தக் கூடையைப் பார்த்த பிறகு, வயலுக்காக அவன் ஏன் கொலைவரை போகிறான் என்று கேட்கத் தோன்றாது. கடைசி அரை மணி நேரம் மட்டும் சத்தம் ஜாஸ்தி.

பிப்ரவரி 16, ஞாயிறு

'இன் அமெரிக்கா'. மகள்கள் நவோமி, கிர்ஸ்டன் இருவரோடும் சேர்ந்து எழுதியது. சிறுவயதில் மூளைக்கட்டியில் இறந்த ஷெரிடனின் தம்பி ஃபிராங்கிக்குச் சமர்ப்பணம். படத்தில் அந்தத் தம்பி, குடும்பம் பறிகொடுத்த மகனாகிவிட்டான்.

திருவிழாக் கடையில் ஒரு பொம்மைக்காக அப்பா பந்து எறியும் காட்சியை இரண்டு முறை பார்த்தேன். ஒவ்வொரு தடவை தவறும்போதும் பந்தயம் இரட்டிப்பாகிறது. வாடகைப் பணம் முழுக்க மேசையில். பிள்ளைக்கு முன்னால் தோற்றுவிடக் கூடாது என்ற வீம்பு. பொம்மையா, அதை யார் கேட்டார்கள்!

மற்ற படங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. 'பாக்ஸர்' பரவாயில்லை. 'டிரீம் ஹவுஸ்' (2011) ஸ்டூடியோ கைவைத்துக் கெடுத்தது. தன் பெயரையே எடுக்கச் சொல்லிப் போராடினார் ஷெரிடன்.

ஜூன் 14, சனி

நியூயார்க்கின் ட்ரைபெக்கா திரைப்பட விழாவில் ஷெரிடனுடைய புதிய படம், 'ரீ-கிரியேஷன்'. டேவிட் மெரிமனோடு சேர்ந்து இயக்கியிருக்கிறார். 1996ல் மேற்குக் கார்க்கில் கொலையான சோஃபி டொஸ்கான் து பிளான்டியே வழக்கு. சந்தேகிக்கப்பட்ட இயன் பெய்லிக்கு 2019ல் பிரான்ஸ் அவர் இல்லாமலேயே தண்டனை விதித்தது. அயர்லாந்தில் நீதிமன்ற விசாரணையே நடக்கவில்லை. பெய்லி போன வருடம் ஜனவரியில் இறந்துபோனார். நடக்காத அந்த விசாரணையைக் கற்பனையாக நடத்துகிறது படம்: ஒரு ஜூரி அறை, பன்னிரண்டு பேர். ஜூரித் தலைவராக ஷெரிடனே உட்கார்ந்திருக்கிறார். வயது எழுபத்தாறு. டப்ளினுக்கு வந்ததும் ஸ்மித்ஃபீல்ட் லைட் ஹவுஸ் திரையரங்கில் டிக்கெட் போட வேண்டும்.